ஒரு தட்டு கழுவிய தண்ணீர்

மொர்வாரித் போன வருடம் இலையுதிர்காலத்து ஆபான் மாதம், மாதுளை பறித்து முடித்த பதினோராம் நாள் இறந்தாள். பழங்களைக் காம்போடு வெட்டி, இரண்டிரண்டாக நூலில் கட்டி, கடைசி அறையின் விட்டத்தில் தொங்கவிட்டிருந்தாள். திராட்சைக் கொடியைச் சுவரிலிருந்து இறக்கியிருந்தாள். கோடையில் மண்ணுக்குள் புதைத்துவைக்கும் பானைகளைத் தோண்டி எடுத்துக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அன்று காலை கீரைப் பாத்தியில் குளிர்கால விதையைத் தூவினாள். மேலே மூட மண் அள்ளுவதற்குக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். நாற்பத்து மூன்று வருடத்தில் அவள் பாதியில் விட்ட வேலை அது ஒன்றுதான்.

அடக்கம் முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது அந்த விதைகளைக் குருவிகள் தின்று முடித்திருந்தன.

நான் தெஹ்ரானுக்கு வெகு தெற்கே, பாலைவன ஓரத்தில் இருக்கும் தஃப்த் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன். எங்கள் முற்றத்துத் தோட்டத்தில் என் வேலை அத்திமரத்து நிழலில் நாற்காலி போட்டுத் தேநீர் குடிப்பது. அவள் மண்வெட்டியோடு என்னைத் தாண்டிப் போகும்போது, "வாத்தியாரே, கால மடக்கிக்கோங்க. இல்லன்னா அதுக்கும் எருப் போட்டுடுவேன்" என்பாள். நான் காலை மடக்கிக்கொள்வேன். தோட்டத்துக்கு நான் செய்த தொண்டு அவ்வளவுதான்.

அவள் ச்சம் கிராமத்துப் பெண். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது, மடியில் ஒரு ஈரத்துணிப் பொட்டலம் வைத்திருந்தாள். என் தம்பிகள் நகை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது அவள் பிறந்த வீட்டு மூர்த் செடியின் மூன்று குச்சிகள். நெருப்பின் முன் ஓதும் எங்கள் பழைய மதத்துச் சடங்குகளுக்கெல்லாம் மூர்த் கொத்து வேண்டும். குளிரிலும் வெயிலிலும் பச்சை மாறாத செடி அது. மூன்றில் ஒன்று பிழைத்தது. அப்போது முற்றத்தில் அந்த அத்திமரமும் கோழிக்கூண்டும்தான் இருந்தன. பிறகு ஏழு மாதுளை, ஒரு சீமைமாதுளை, திராட்சை, ரோஜா, நான்கு கீரைப் பாத்திகள் எல்லாம் வந்தன. வருடத்தில் எந்த மாதமும் இந்த வீட்டுச் சாப்பாட்டில் முற்றத்துப் பச்சை ஒன்று இல்லாமல் இருந்ததில்லை. மழை என்பது எங்களுக்கு வருடத்தில் ஐந்தாறு நாள் செய்தி. மலையடிவாரத்திலிருந்து நிலத்துக்கடியில் சுரங்கமாக வரும் வாய்க்கால்தான் ஊருக்கு உயிர். பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை எங்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரம் தண்ணீர்.

மற்ற நாட்களில் அவள் வீட்டுக்குள்ளிருந்தே தண்ணீர் எடுத்தாள். அரிசி கழுவிய தண்ணீர் ரோஜாவுக்கு. கீரை அலசிய தண்ணீர் திராட்சைக்கு. பாத்திரம் அலசுகிற தண்ணீர் சமையலறைச் சுவரில் ஒரு துளை வழியாக வெளியே விழுந்தது. அந்த மூலை மேடானது. வாய்க்கால் தண்ணீர் ஏறாது. அங்கே தானாக முளைத்த எட்டாவது மாதுளை ஒன்று, இடுப்பு உயரத்துக்குமேல் வளராமல் நின்றது. அதற்கு அவள் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். "அடுப்படியவே சுத்திக்கிட்டு நிக்குது. திங்குறதோட சரி, ஒண்ணும் குடுக்காது." எங்கள் மகள் ஆர்மித்தாவுக்குக் கல்யாணமானபோது, இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று கெஞ்சினாள். மொர்வாரித் ஒப்புக்கொண்டாள். மருமகன் ஊருக்கு வந்த நாட்களில் மட்டும் சொல்லாமல் இருந்தாள்.

ஆர்மித்தா ஹாம்பர்கில் இருக்கிறாள். ஒருமுறை எங்களை அங்கே கூட்டிப்போனாள். கோடையில் வர மொர்வாரித் சம்மதிக்கவில்லை. குளிர்காலத்தில் இரண்டு வாரம் போனோம். தினமும் மழை. ஒரு பூங்காவில் புல்தரையைக் காலால் அழுத்தினாள். தண்ணீர் பொங்கி அவள் செருப்பை நனைத்தது. "இத யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டாள். யாரும் இல்லை, தானாக வளர்கிறது என்றாள் மகள். மொர்வாரித் கொஞ்ச நேரம் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாவம்" என்றாள். அந்தப் பாவம் யாருக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மாதுளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும், அதன் கிரீடம் போன்ற வாயில் ஒரு பூச்சி வந்து முட்டையிடும். அதைத் தடுக்க, இங்கே ஒவ்வொரு பிஞ்சின் வாயிலும் களிமண்ணைக் குழைத்து வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அடைப்பார்கள். மழை இல்லாததால் அது கழுவப்படாமல் காய்ந்து, பழம் பழுக்கும்வரை அப்படியே இருக்கும். மொர்வாரித்தின் வலது கட்டைவிரலில் கிளை வெட்டும்போது பட்ட குறுக்குத் தழும்பு ஒன்று உண்டு. அதனால் அவள் அடைத்த ஒவ்வொரு பழத்தின் வாயிலும் அவள் ரேகையும் குறுக்கே ஒரு கோடும் பதிந்திருக்கும். உயிரோடு இருந்தவரை அதை நான் கவனித்ததில்லை. பத்தாம் நாள் சடங்குக்குக் கடைசி அறைக்குப் போய் விட்டத்திலிருந்து ஒரு பழத்தை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன். விளக்கை உயர்த்திப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாற்பத்தியாறு பழங்கள். நாற்பத்தியாறிலும் அந்தக் கோடு.

எங்கள் வழக்கத்தில் முதல் வருடம் முழுவதும் மாதம் ஒரு நாள் இறந்தவருக்கு வெள்ளை விரிப்பு விரித்து, படமும் விளக்கும் பழமும் மூர்த் கொத்தும் வைத்து ஓதுவார்கள். வருடம் நிறையும் நாளில் ஊரையே கூப்பிட வேண்டும். என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்த விரிப்பை மொர்வாரித்தான் விரித்தாள். கடையில் வாங்கிய பழத்தை அதில் அவள் வைத்ததே இல்லை. "வாங்குன பழம் விருந்தாளி மாதிரி. வந்து ஒக்காந்துட்டு எழுந்து போயிடும். வீட்டுப் பழமா இருந்தாத்தான் போனவங்க கையில எடுத்துப் பாப்பாங்க."

ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றாக இருந்தது. அவளுடைய வருட விரிப்பில் அவளுடைய மரத்துப் பழம் இருக்க வேண்டும். அதுவரை இந்தத் தோட்டம் சாகாமல் இருக்க வேண்டும்.

நான்கு வீடு தள்ளி இருக்கும் தௌலத் மொர்வாரித்தின் தோழி. கணவரை இழந்தவள், வாய் ஓயாதவள். முதல் உறைபனிக்கு முந்தின நாள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"வாத்தியாரண்ணே, மாதுளைக்கு அடியில மண்ணு ஏத்தலையா? ராத்திரிக்கு அதுங்க காலு வெறைச்சுப் போயிடும்."

"எவ்வளவு உயரத்துக்கு ஏத்தணும்?"

"மொழங்கால் வரைக்கும்."

"யாரோட மொழங்கால்?"

"ஐயோ! என்னோடது வேணாம், ஒங்களோடதும் வேணாம். மொர்வாரித்தோடது!"

அவள் முழங்கால் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மண் ஏற்றினேன். அத்திமரத்துக்கு வைக்கோல் சுற்றினேன். குருவி தின்ற பாத்தியில் மறுபடி கீரை விதைத்து, அன்றே மண் மூடினேன். ஒரு நோட்டில் நாள், வெப்பநிலை, தண்ணீர் அளவு என்று கட்டம் போட்டு எழுதினேன். தௌலத் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கீரைக்கு முழுப்பரீட்சை எப்ப?" என்று கேட்டாள்.

மாதாமாதம் விரிப்புக்கு நான்கு பழம் அவிழ்த்தேன். ஓதி முடித்ததும் பழத்தை அறுத்து வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நான் கத்தியைக் களிமண்ணில் படாமல் பக்கவாட்டில் இறக்குவேன். அறுத்த பழங்களின் வாய்த்துண்டுகளை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்தேன். அவை பூஞ்சை பிடித்தன. மூர்த் செடிக்கு அடியில் புதைத்தேன். வசந்தத்தில் நவ்ரூஸ் புத்தாண்டு வந்தபோது விட்டத்தில் இருபத்தாறு பழம் இருந்தது. வெயில் ஏற ஏறப் பழங்கள் கெட்டன. தோல் இறுகிச் சுருங்கின. கோடை பிறந்தபோது ஒன்றே ஒன்று மிஞ்சியது. வால்நட் அளவுக்குச் சுருங்கி, மரக்கட்டைபோல ஆகியிருந்தது. களிமண் மட்டும் அப்படியே இருந்தது. அதைச் சுவர் மாடத்தில் அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

புதுப் பிஞ்சுகளுக்கு நானே களிமண் வைத்தேன். ஏழு மரம், முந்நூறுக்கும் மேல். என் விரல் தடிமன். முதல் இருபது பிஞ்சுகளின் கிரீடம் ஒடிந்தது. தௌலத் தலையில் அடித்துக்கொண்டாள். "கொழந்தைக்குப் பல்லு தேச்சு விட்டதே இல்லையா நீங்க? அவ்ளோ மெதுவா!" தேய்த்துவிட்டதில்லை. அதையும் மொர்வாரித்தான் செய்தாள். கடைசியில் கையில் மிச்சம் ஒட்டியிருந்த மண்ணை வீணாக்க மனமில்லாமல், சமையலறைக்குப் போகிற வழியில் மாப்பிள்ளையிலும் நாலைந்து பிஞ்சுக்கு அப்பிவிட்டுப் போனேன்.

கோடை நன்றாகத்தான் போனது. பாத்திக்கு நடுவே பானைகளைக் கழுத்தளவு புதைத்து, சாயங்காலம் தண்ணீர் நிரப்பி மூடினேன்; அவை இரவெல்லாம் வியர்த்து வெள்ளரிக்கும் கத்தரிக்கும் கொடுத்தன. வேரடியில் வைக்கோல் பரப்பினேன். மூர்த் இலைகளின் தூசியை ஈரத்துணியால் துடைத்தேன். மரங்களில் பழம் தொங்கியது. மொர்வாரித் இருந்தால் நாற்காலியில் அவளை உட்காரவைத்து நான் மண்வெட்டியோடு முன்னால் நடந்து காட்டியிருப்பேன்.

கோடையின் கடைசியில் சுரங்க வாய்க்காலில் எங்கோ மண் சரிந்தது. தூர்வாரி முடிக்க ஒரு மாதத்துக்கு மேலானது. எங்கள் முறை இரண்டு தவறிப்போயிற்று. குழாயில் வருவது வீட்டுச் செலவுக்கே சரியாக இருந்தது. அதை மரத்துக்கு விடக்கூடாது என்று தௌலத் எச்சரித்தாள். முப்பத்தாறு நாள் மாதுளைகள் இலை சுருட்டி நின்றன. நான் காலையும் மாலையும் அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நோட்டில் எழுதுவதை நிறுத்தினேன்.

தண்ணீர் திரும்பி வந்த அன்று மடைக்காரர் பஹ்மர்த் வாசலில் நின்றார். என்னிடம் படித்தவர்.

"ஐயா, இப்ப ஒங்க முறை. பக்கத்து வீட்டு தெஹ்ரான்காரங்க இந்த வருஷம் வரவே இல்ல. அவங்க முறையும் சும்மாத்தான் ஓடுது. விடட்டுமா?"

"விடு."

"ரெண்டுமா?"

"ரெண்டையும் விடு பஹ்மர்த்."

தண்ணீர் மதகைத் தாண்டி முற்றத்துக்குள் புகுந்த சத்தம் கேட்டது. ஒரு மாதத்துக்கு மேலாக இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் நின்றேன். கணுக்காலுக்கு மேலே ஏறியது. இரண்டு மணி நேரமும் நின்றேன். ஒவ்வொரு மரமாகப் போய், குடி, குடி என்று வாய்விட்டுச் சொன்னதாக நினைவு. அவள் பெயரையும் சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் நாள் காலை முதல் மரத்தில் ஒரு பழத்தின் இடுப்பில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. சாயங்காலத்துக்குள் பத்துப் பழம் வெடித்தது. வாரம் முடிவதற்குள் ஏழு மரத்திலும் முழுப்பழம் ஒன்றுகூட இல்லை. பிளந்த வாய்களில் குளவி மொய்த்தது. வருட விரிப்புக்குப் பதினாறு நாள் இருந்தது.

தௌலத் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். எங்களில் இறந்தவருக்காக அதிகம் அழமாட்டோம். அழுத கண்ணீர் ஆறாகப் பெருகி அவர்கள் போகும் வழியை மறிக்கும் என்பது நம்பிக்கை. நானும் அழவில்லை. அவள் மரங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"கண்ணுல விடாத தண்ணியெல்லாம் சேத்து மரத்துல விட்டுட்டீங்களாண்ணே?"

நான் குனிந்து கீழே விழுந்திருந்த ஒரு பழத்தை எடுத்தேன்.

"ஒரு மாசம் காஞ்சு கெடந்ததுக்கு ஒரே நாள்ல இவ்வளவு ஊத்துனா என்னாகும்? உள்ள முத்து உப்பும். தோலு உப்புமா? தோலு ஏற்கெனவே இறுகிப்போச்சே!"

நான் பிள்ளைகளுக்கு முப்பத்தொரு வருடம் நடத்திய பாடம் அது.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. பல வருடம் முன்பு இதேபோல வாய்க்கால் அடைத்துத் திறந்த ஒரு நாள். மொர்வாரித் கால்மணி நேரம்தான் தண்ணீர் விட்டாள். பிறகு பழைய கம்பளத்துண்டு ஒன்றை மதகில் திணித்து, மிச்சத் தண்ணீரை எல்லாம் தெருவுக்குத் திருப்பிவிட்டாள். நான் நாற்காலியிலிருந்து கேட்டேன்: "தாகத்துல நிக்குது, ஏன் இந்தக் கஞ்சத்தனம்?" அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நீங்க தேநீரக் குடிங்க வாத்தியாரே" என்றாள். விளக்கம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

தௌலத்தும் நானும் நான்கு நாள் உட்கார்ந்து வெடித்த பழங்களை உதிர்த்துச் சாறு எடுத்துக் காய்ச்சினோம். ஒவ்வொரு வாயிலும் என் பெரிய கட்டைவிரல் இருந்தது. அவள் அண்டாவைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்:

"விரிப்புக்கு என் வீட்டுப் பழத்த எடுத்துக்கோங்க. நாலு வீடுதான? என்னையப் போயி விருந்தாளின்னு சொல்லிடுவாளா அவ?"

"சொல்லமாட்டா."

"அப்ப?"

"சரி தௌலத்" என்றேன். வேறு வழியில்லை. ஆனாலும் அன்று சாப்பிட்ட தட்டையும் கோப்பையையும் கழுவிவைக்கும்போது, மொர்வாரித்திடம் ஒரு சின்னக் காரியத்தைக்கூட ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லையே என்று இருந்தது.

வருட நாளுக்கு இரண்டு நாள் முன்பு ஆர்மித்தா வந்தாள். பெட்டியை வைத்துவிட்டு நேராக மரங்களிடம் போனாள். வெறும் கிளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். நடந்ததை நான் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தேன். ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டாள். கோப்பைகளைக் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அப்பா."

"என்னம்மா?"

"இங்க வாங்களேன். மாப்பிள்ளை காய்ச்சிருக்காரு."

ஜன்னலுக்கு வெளியே, துளைக்குக் கீழே, இலைகளுக்குள் ஐந்து பழங்கள் இருந்தன. சின்னவை, கைப்பிடிக்குள் அடங்கும். ஒன்றிலும் கீறல் இல்லை. அன்று வந்த தண்ணீர் இந்த மேட்டில் ஏறவில்லை. வாய்க்கால் வறண்ட முப்பத்தாறு நாளிலும் இந்த மரத்துக்குத் தண்ணீர் நிற்கவுமில்லை. ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு கரண்டி. காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. ஒரு வருடமாக நான் தனியாகச் சாப்பிட்டுக் கழுவிய தண்ணீர், தினம் அதே அளவு, அந்தத் துளை வழியாக இதன் வேரில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் தோட்டவேலை என்று நினைக்காமல் செய்த வேலை.

ஆர்மித்தா வெளியே போய் அதன் முன் குந்தி உட்கார்ந்தாள். "அம்மா பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

"'இத்தன வருஷம் தின்னதுக்கு அஞ்சுதானா?'ம்பா."

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், மொர்வாரித்தின் வழி மறிக்கப்படாமல் இருக்கட்டும் என்று.

வருட நாளன்று வெள்ளை விரிப்பில் அந்த ஐந்தையும் வைத்தோம். மூர்த் கொத்து வைத்தோம். மாடத்திலிருந்து மொர்வாரித்தின் அந்தக் கடைசிப் பழத்தையும் எடுத்து நடுவில் வைத்தேன். ஓத வந்த பெரியவர் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தௌலத் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஓத ஆரம்பித்தார். முடிந்ததும் ஆர்மித்தா ஐந்து பழத்தையும் அறுத்து நாற்பது பேருக்கு ஆளுக்கு நாலு முத்தாகக் கொடுத்தாள். புளிப்புத்தான் தூக்கலாக இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. தௌலத் மட்டும், "மாப்பிள்ளைன்னா கொஞ்சம் புளிப்பாத்தான் இருப்பாங்க" என்றாள். ஆறாவதை, மாடத்துப் பழத்தை, நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்தது. பெண்கள் தட்டுகளைக் குவித்துக் கழுவ ஆரம்பித்தார்கள். தண்ணீர் சடசடவென்று வெளியே விழும் சத்தம் கேட்டு ஓடிப்போய்க் கந்தைத்துணியைத் துளையில் திணித்தேன். உள்ளே கூச்சல்.

"யாரது? தண்ணி நிக்குது இங்க!"

"வாளியில புடிங்க. ரோஜாவுக்கு ஊத்திக்கலாம்" என்றேன்.

"நாப்பது தட்டண்ணே!" என்று கத்தினாள் தௌலத்.

"நாப்பதும் வாளியில. என் தட்ட மட்டும் தனியா வைங்க."

உள்ளே தட்டுகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு தௌலத் சொல்வது கேட்டது, வேறு யாரிடமோ, தாழ்ந்த குரலில்: "வாத்தியாரு தட்டு எது? அந்த ஓரத்துல நீலக்கோடு போட்டதா? அத எடுத்து வை."

எல்லோரும் போன பிறகு துணியை உருவிவிட்டு, உள்ளே வந்து நீலக்கோடு போட்ட தட்டைக் கழுவினேன். தண்ணீர் துளை வழியாக இறங்கி, மரத்தடி மண்ணில் விழுந்து, சத்தம் அடங்கும்வரை நின்றேன். பிறகு பையிலிருந்த பழத்தை எடுத்து மாடத்தில், அதன் பழைய இடத்தில், கோடு தெரியும் பக்கம் முன்னால் இருக்கும்படி வைத்தேன். நாளை காலை கீரை விதைக்க வேண்டும். விதைத்த உடனே மண் மூட வேண்டும்.